பொறந்த வூடு

காரிமங்கலம்,
25-11-1973

அன்பும் மரியாதையும் நிறைந்த உங்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஷகிலா எழுதுகிறேன். ஆண்டவன் கிருபையில் நானும் காவேரியும் சுகம். பெங்களூர்க் குளிர் உங்கள் நெஞ்சுக்கு ஆகாது. போன வருஷம் வாங்கிய மஃப்ளரைப் பெட்டியில் பூட்டி அழகு பார்க்காமல், கழுத்தில் சுற்றிக்கொண்டு தையல் மிஷினில் உட்காருங்கள்.

ரம்ஜான் பெருநாள் முடிந்து நீங்கள் பஸ் ஏறிய மறுநாளே காவேரிக்கு முன்பல் விழுந்துவிட்டது. அப்பா வந்து பார்த்தால்தான் ஆச்சு என்று அதைத் தீப்பெட்டிக்குள் போட்டு வைத்திருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் பொக்கைவாய் என்று கூப்பிடுகிறார்களாம். நீங்கள் தைத்துக் கொடுத்த பச்சைப் பாவாடை ஏறிப்போய்விட்டது, ஒரு டக்கு மடிப்பைப் பிரித்து இறக்கிவிட்டேன். மூன்று டக்கு பிடித்திருக்கிறேன், மூன்று வருஷத்துக்குக் கவலையில்லை என்றீர்கள். இவள் வளர்கிற வளர்த்திக்கு ரெண்டு வருஷம் வந்தாலே அதிகம்.

இனி எழுதப்போவதைப் படித்துவிட்டுக் கோபப்படாதீர்கள். கோபப்பட்டாலும் கடிதத்தைக் கசக்கிப் போடாமல் முழுக்கப் படியுங்கள்.

போன வாரம் நஞ்சப்பன் வந்தார், காவேரியின் சித்தப்பா. சந்தைக்கு வந்தவர் அப்படியே நம் வாசலில் வந்து நின்று, அண்ணன் மகளை அனுப்பி வையுங்கள் என்றார். எனக்கு வந்ததே ஆத்திரம். "பக்கத்து வூட்டுல உங்கண்ணன் பச்சியப்பன் குடியிருந்தப்ப ஒரு நாளாவது எட்டிப் பாத்தீங்களா? கிணத்து மண்ணு சரிஞ்சு அவரு போய்ச் சேந்தாரு. ரெண்டு மாசத்துல காசியம்மா இவளைப் பெத்துப் போட்டுட்டுக் கண்ணை மூடுனா. அன்னைக்கே நான் தூக்கிட்டு வந்து வளத்தேன். அப்ப எங்க இருந்தீங்க?" என்று கேட்டேன். அந்த மனுஷன் கொஞ்சமும் கூசாமல், "அப்பப் பச்சப்புள்ளைங்க, எங்கூட்டுல யாரு பாக்கறது? இப்ப ஆடு ஓட்டற பக்குவம் வந்துடுச்சில்லைங்க" என்றார். ஆறு வயசுப் பிள்ளைக்கு ஆடு ஓட்டுகிற பக்குவமாம். தராவிட்டால் கோர்ட்டுக்குப் போவேன், ரத்த சொந்தம் நான்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாளே தர்மபுரி போய் சவுரியப்பன் வக்கீலைப் பார்த்தேன். ஸ்டாம்பு பேப்பரில் மகள் என்று எழுதி ரெண்டு சாட்சிக் கையெழுத்து வாங்கினால் போதும் என்று நீங்கள் சொல்லிக்கொண்டிருந்தீர்களே, அதைச் சொன்னேன். அது பேப்பருக்குத்தான் கேடு என்றார். தத்தெடுக்கிற சட்டம் இந்துக்களுக்கு மட்டும்தான் இருக்கிறதாம். நம்மவர்கள் கார்டியனாக இருக்கலாம், அதற்குமேல் ஒன்றுமில்லையாம். "கோவிச்சுக்காதீங்க பாயம்மா. நான் கிறிஸ்தவன், என்னாலயும் எடுக்க முடியாது. எனக்கும் புள்ள கெடையாதுங்க" என்றார். எல்லாருக்கும் பொதுவாக ஒரு சட்டம் கொண்டுவர டில்லியில் பேச்சு நடக்கிறதாம். அது எப்போது வருமோ, அவருக்கே தெரியவில்லை. நாம் கார்டியன் என்று மனுப் போட்டாலும், சித்தப்பன் வந்து கேட்டால் கோர்ட்டு அவர் பக்கம் சாயக்கூடும். ரத்தமும் ஒன்று, மதமும் ஒன்று.

நஞ்சப்பன் கைக்குப் போகாமல் இருக்க ஒரு வழி உண்டு என்றார். நல்லம்பள்ளியில் குப்புராஜ் என்று ஒரு விவசாயி. மேட்டு நிலம், ஒரு கிணறு, ரெண்டு எருமை. சம்சாரம் பேர் தீர்த்தம்மாள். பிள்ளை இல்லை. அவர்களுக்குச் சட்டப்படி தத்துக் கொடுத்துவிட்டால் சித்தப்பன் மாமன் யாரும் அதற்குப் பிறகு வாய் திறக்க முடியாது. பெற்ற பிள்ளைக்கு உள்ள உரிமை அத்தனையும் அவளுக்கு வந்துவிடும். சரி, தாயும் தகப்பனும் இல்லாத பிள்ளையை யார் கொடுப்பது என்று கேட்டேன். வைத்துப் பராமரிக்கிற ஆள், கோர்ட்டு அனுமதியோடு, தன் கையால் எடுத்துக் கொடுக்க வேண்டுமாம். அதாவது நான்.

புரிகிறதா உங்களுக்கு? எடுத்துக்கொள்ள எனக்கு உரிமை கிடையாது. கொடுக்க மட்டும் உண்டு. பஸ்ஸில் வரும்போது இதையே நினைத்து அழுதுகொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் பல்வலியா என்று கேட்டாள், ஆமாம் என்றேன்.

பக்ரீதுக்குக் கட்டாயம் வாருங்கள். இதைத் தபாலில் பேசி முடிக்க முடியாது. உங்கள் மகள், அப்படித்தான் எழுதுவேன், எந்தக் கோர்ட்டு என்னை என்ன செய்துவிடும், பல்லை வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள்.

உங்கள் துஆவை நாடும்,
ஷகிலா


காரிமங்கலம்,
18-3-1974

மரியாதைக்குரிய உங்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பக்ரீதுக்கு வந்தீர்கள். கறி ஆறிப்போகும் மட்டும் சண்டை போட்டீர்கள். பெத்தவளா இருந்தா குடுப்பியா என்று ஒரு வார்த்தை கேட்டீர்கள். பிள்ளை நீட்டிய தீப்பெட்டியைக்கூடத் திறந்து பார்க்காமல் பஸ் ஏறிவிட்டீர்கள். அதற்குப் பிறகு நான் போட்ட கார்டு எதற்கும் பதில் இல்லை. மணியார்டர் மட்டும் தவறாமல் வருகிறது. அதன் அடியில் நாலு வரி எழுத இடம் விட்டிருக்கிறார்கள், அது தபால்காரருக்காக விட்டது இல்லை.

கோபத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கோர்ட்டில் நடந்ததை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

நாம் பிள்ளையை மதம் மாற்றிவிட்டோம் என்று நஞ்சப்பன் சொன்னார். நீங்கள் இவளுக்கு வஹிதா என்று பேர் வைக்க ஆசைப்பட்டது நினைவிருக்கிறதா? அன்றைக்கு பள்ளிவாசல் கவுஸ் பாஷா ஹஜ்ரத், அனாதையை வளர்ப்பது பெரிய நன்மை, ஆனால் பெற்ற தகப்பன் பேரை அதனிடமிருந்து எடுத்துவிடக் கூடாது என்றார். ஒரு வாரம் அவர் முகத்தைப் பார்க்காமல் திரிந்தீர்கள். அந்தப் பேச்சுதான் இப்போது கை கொடுத்தது. பள்ளிக்கூடத்தில் பச்சியப்பன் மகள் காவேரி என்றே இருக்கிறது. மாரியம்மன் பண்டிகைக்கு வருஷம் தவறாமல் அவளைக் கூட்டிக்கொண்டு போனதை எதிர்வீட்டுக்காரர்களே வந்து சொன்னார்கள். நஞ்சப்பன் சொன்னது எடுபடவில்லை.

என்னைக் கூண்டில் ஏற்றி, நீங்கள்தானே கார்டியன் என்று கேட்டார்கள். "இல்லைங்க ஐயா, அம்மாங்க" என்று சொல்லிவிட்டேன். வேண்டுமென்று சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். நீதிபதி கோபப்படவில்லை.

பிறகு காவேரியைப் பக்கத்தில் கூப்பிட்டு, தீர்த்தம்மாளைக் காட்டி இவங்க யாரு என்றார். "எருமை வெச்சிருக்கறவங்க" என்றாள். ரெண்டு தரம் நல்லம்பள்ளிக்குக் கூட்டிப் போய்ப் பழக்கிவிட்டிருந்தேன். என்னைக் காட்டிக் கேட்டார். "எங்கம்மா" என்றாள். எருமைக்காரங்க வூட்டுக்குப் போறியாம்மா என்று அவள் பாஷையிலேயே கேட்டார். "போறனுங்க. எப்ப திரும்பி வரணும்?" என்று கேட்டாள்.

அந்த மனுஷர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிள்ளையின் விருப்பத்தைக் கேட்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறதாம். கேட்டுவிட்டார்கள். அவள் விருப்பப்பட்டதற்குத்தான் அதில் இடம் இல்லை. எனக்கு அவர்மேல் வருத்தம் இல்லை, ஆனால் அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் ஒரு பிள்ளையையாவது தூக்கி வளர்த்திருப்பார்களா என்று நினைத்தேன்.

அனுமதி கிடைத்துவிட்டது. பள்ளிக்கூடம் விட்டதும், வைகாசியில் கொடுக்கிறோம். நீங்கள் பக்ரீதன்று கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். பெற்றவளாக இருந்தால் கொடுத்திருக்க மாட்டேன். பெற்றவளாக இருந்தால் கொடுக்க வேண்டிய நிலைமையே வந்திருக்காது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அன்றைக்காவது வந்து என் பக்கத்தில் நில்லுங்கள்.

ஷகிலா


காரிமங்கலம்,
14-6-1974

என் உயிரான உங்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் வரவில்லை. கொடுப்பதற்கு முதல் நாள் முழுக்கக் கிருஷ்ணகிரிப் பக்கம் இருந்து வந்த பஸ் ஒவ்வொன்றுக்கும் காவேரி ரோட்டுக்கு ஓடினாள். திட்டவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

காலையில் தலைக்கு ஊற்றி, பச்சைப் பாவாடையை எடுத்தேன். கணுக்காலுக்கு மேலே நின்றது. மிச்சம் இருந்த ரெண்டு டக்கையும் பிரித்து, இஸ்திரிப் பெட்டி போட்டு உடுத்திவிட்டேன். மடிப்பு இருந்த இடத்தில் மட்டும் துணி வெளுக்காமல் புதுசாக இருந்தது.

நல்லம்பள்ளியில் அவர்கள் வீட்டில் பந்தல் போட்டிருந்தார்கள். பூஜை முடியும் மட்டும் நானும் வக்கீலும் பந்தலுக்கு வெளியே புளியமரத்தடியில் இருந்தோம். மஞ்சள் தண்ணீர் வார்த்துப் பிள்ளையைக் கையில் கொடுப்பதற்குத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். எழுந்து போனேன். அப்போது குப்புராஜின் பெரியப்பா சென்றாயன் குறுக்கே வந்தார். "தப்பா நெனைக்காதீங்க, பாயம்மா கையால நேரா வாங்குனா நாளைக்கு ஒரு பேச்சு வரும். நம்ம ஆளு ஒருத்தரு நடுவுல வாங்கிக் குடுக்கட்டும்" என்றார். வக்கீல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். எனக்குக் கால் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. என்ன இருந்தாலும் அவர்கள் வீடு, நான் என்ன பேசுவது?

தீர்த்தம்மாளை நீங்கள் பார்த்ததில்லை. ஒல்லியாக, வாய் திறந்தால் காற்றுதான் வரும் என்கிற மாதிரி இருப்பாள். அவள் எழுந்து வந்து, "மாமா, நடுவுல ஆளு வெக்கறதுக்கு இது மாட்டுச் சந்தைங்களா? இந்தப் புள்ளையை ஆறு வருஷம் பாத்தவங்க அவங்க. அவங்க கையால குடுத்தா வாங்கறேன், இல்லீன்னா எனக்குப் புள்ள வேண்டாமுங்க" என்றாள். குப்புராஜ் தலையைக் குனிந்துகொண்டு, "அவ சொல்றதுதானுங்க பெரியப்பா" என்றார்.

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நன்றாகக் கவனித்துப் படியுங்கள். "பாயம்மா, எங்கள்ல பொண்ணைத் தண்ணி வாத்துக் குடுக்கறது யாருங்க? பொறந்த வூட்டுக்காரங்க. இன்னைக்கு நீங்க வாத்துக் குடுத்தா உங்க வூடுதான் இவளுக்குப் பொறந்த வூடு. இந்தப் புள்ளைக்கு வேற பொறந்த வூடு எங்க இருக்குதுங்க?"

அதுவரைக்கும் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அதைக் கேட்டதும் செம்பிலிருந்த தண்ணீர் பாதி என் புடவையிலேயே கொட்டிவிட்டது. மீதியை வார்த்தேன். பிள்ளையைத் தூக்கி அவள் மடியில் வைத்தேன். தூக்கும்போது என் காதில், "அப்பாகிட்டச் சொல்லிட்டியாம்மா? வூட்டுக்கு வந்து என்னையத் தேடுவாரே" என்றாள். சொல்லிவிட்டேன் என்று பொய் சொன்னேன். இந்தக் கடிதம் கிடைத்ததும் அது பொய்யில்லாமல் போகட்டும். தீப்பெட்டியை என்னிடம் கொடுக்க மாட்டேன் என்று அவளே வைத்துக்கொண்டாள். அப்பாவுக்கு அவள் கையால்தான் காட்ட வேண்டுமாம்.

வீட்டுக்கு வந்து மூன்று நாள் அடுப்பு பற்ற வைக்கவில்லை. எதிர்வீட்டிலிருந்து களியும் கீரையும் கொடுத்தனுப்பினார்கள், அதைத் தின்றேன். நாலாம் நாள் குப்புராஜ் சைக்கிளில் வந்தார். காவேரி சோறு தின்கிறாள், எருமைக்குப் பேர் வைத்துவிட்டாள். என்ன பேர் என்று கேட்டேன். வஹிதாவாம். உங்கள் ஆசை அவள் காதில் எப்போது விழுந்ததோ. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து எனக்குப் புரையேறிவிட்டது.

குப்புராஜ் வந்தது அதைச் சொல்ல மட்டும் இல்லை. ஆடி பிறக்கிறதற்கு முன்னால் கொடுத்த பெண்ணைப் பொறந்த வூட்டுக்காரர் வந்து அழைத்துப் போக வேண்டும், அதுதான் அவர்கள் முறை. கல்யாணம் ஆகாத பிள்ளைக்கு ஆடி அழைப்பா என்று சென்றாயன் சிரித்தாராம். கொடுத்த பெண் கொடுத்த பெண்தான் என்று தீர்த்தம்மாள் சொல்லிவிட்டாளாம். அழைக்க அப்பனோ அண்ணனோ வர வேண்டும். "தாவூது பாய்க்கு லீவு கெடைக்குங்களா? புள்ள தெனமும் கேக்குதுங்க" என்று கேட்டுவிட்டுப் போனார். கிடைக்கும் என்று சொல்லிவிட்டேன். நீங்கள்தான் எழுதவில்லை, நான் எதை வேண்டுமானாலும் சொல்லலாம் இல்லையா?

எந்தச் சட்டமும் நம்மை அவளுக்கு அம்மா அப்பா என்று எழுதவில்லை. இனி எழுதப்போவதும் இல்லை. ஆனால் வருஷா வருஷம் ஆடிக்கு அவள் வந்து இறங்க வேண்டிய வீடு நம் வீடு. நாளைக்கு அவளுக்குக் கல்யாணம் ஆகி, வயிற்றுப் பிள்ளைக்காரியாக வந்தாலும் இந்த வாசலில் உரிமையோடு நிற்பாள். நான் போய் அழைக்கலாம். ஊரில் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அவள் என் பின்னால் எட்டிப் பார்ப்பாள், அதை என்னால் தாங்க முடியாது.

என்மேல் உள்ள கோபத்தை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள், ஆடி கழிந்து போய் எடுத்துக்கொள்ளலாம். வரும்போது அவளுக்கு ஒரு பாவாடை தைத்து எடுத்து வாருங்கள். பழையதில் பிரிக்க ஒன்றும் பாக்கி இல்லை. துணியை நீளமாகக் கிழிக்கச் சொல்லுங்கள், டக்கு நிறைய வையுங்கள். ரொம்ப வருஷத்துக்கு வேண்டும்.

அல்லாஹ் உங்களைச் சுகமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

காவேரியின் பொறந்த வூட்டிலிருந்து,
ஷகிலா