முனி கோயிலும் என் சைக்கிள் மணியும்

சனி, இரவு

கிள்ளானிலிருந்து கடற்கரைக்கு இன்றும் தனியாகத்தான் சைக்கிளில் போனேன். வழியில், செம்பனைத் தோட்டத்து முனியாண்டி கோயிலைக் கடக்கும் லோரிகள் வார நாள்களில் முனிக்கு வணக்கமாக ஹார்ன் அடிக்கும். அதைப் பார்த்து நானும் சனிதோறும் மணி அடிப்பேன். இன்று மணி உடைந்திருந்ததால் சும்மா கடந்தேன். கோயிலையொட்டிய வீட்டிலிருந்து ஒரு பெண் ஓடி வந்தார்.

"அண்ணே, பெல் அடிக்கலையா? அப்பா பழைய லோரி டிரைவர். ஹார்ன் கேட்டாத்தான் கும்பிட்டுச் சாப்பிடுவாரு. சனிக்கிழமை லோரி வராது, உங்க பெல்தான் லா!"

நான் மெதடிஸ்ட் கிறிஸ்தவன் என்று சொல்ல வாய் வரவில்லை. ஜன்னலருகே நின்று வாயாலேயே "டிங் டிங்" என்றேன்.

உள்ளே கிழவர் சிரித்தார். "முனிக்குக் கேட்டுச்சோ என்னவோ, எனக்குக் கேட்டுருச்சு. சோறு போடும்மா."

முனிக்குக் கேட்டிருக்குமா? நாளை சர்ச்சில் உட்கார்ந்தும் இதைத்தான் யோசிப்பேன்.