துணி மேல் வைத்திருந்த இரும்பு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகமாகத்தான் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தி சின்னவளும் சுகமாக இருக்க வேண்டும். அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை, மாடிப்படி ஏறும்போது மட்டும் என் பரம்பரையையே திட்டுகிறாள்.

என் தையல் கடையில், வெட்டும்போது துணி நகராமல் இருக்க மேஜையில் ஓர் இரும்பு வைத்திருப்பேனே, குழாய்க்குக் குழி தோண்டியபோது மண்ணில் கிடைத்தது, பழைய பம்பின் பாகம் என்று நினைத்து நானே துரு சுரண்டி எண்ணெய் போட்டது. போன செவ்வாய்க்கிழமை காலை ராணுவத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். தெருமுனையில் சாலை வெட்டும்போது ஒரு குண்டு கிடைத்ததாம், வீடு வீடாகப் போட்டோ காட்டிக்கொண்டு வந்தார்கள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்து, இது என் மேஜையிலயே இருக்குதே, சட்டைத்துணி மேல வெச்சிருக்கேன் என்றேன். மூத்தவர், யாரும் அதைத் தொடாதீங்க என்று மட்டும் சொன்னார். குனிந்து பார்த்து, வால் பக்கத்து எண்ணைப் படித்து எழுதிக்கொண்டு, போர்க்காலத்து மோர்ட்டார் குண்டு, இன்னும் உயிரோடதான் இருக்கு என்றார். எத்தனை நாளா வெச்சிருக்கீங்க என்று கேட்டார், ஒன்பது வருஷம் என்றேன், அதையும் எழுதிக்கொண்டார். தெருவைக் காலிசெய்து, எடுத்துப்போய் மைதானத்தில் வெடிக்க வைத்தார்கள். அம்மா அழுதாள். பக்கத்துக் கடைக்காரர், இனிமே உங்ககிட்ட அளவு கொடுக்க வர்றதுக்கு முன்னாடி உயில் எழுதணும் என்றார். எனக்கு அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. மரத்துப்போயிருக்கிறது. சாப்பிடுகிறேன், பட்டன் தைக்கிறேன், அவ்வளவுதான்.

அம்மாவுக்குக்கூடத் தெரியாத ஒன்றை உனக்குச் சொல்ல வேண்டும். போன விடுமுறைக்கு நீங்கள் வந்திருந்தபோது சின்னவள் மேஜையில் ஏறி அந்த இரும்பைத் தள்ளிவிட்டாள். சிமெண்டுத் தரையில் விழுந்தது. தரை பெயர்ந்துவிட்டதே என்று அவளைத்தான் அதட்டினேன், அவளையே எடுத்துத் தரச் சொன்னேன். இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துத் தூக்கிக் கொடுத்தாள்.

உன் வேலை நிலைப்படும்வரை ஆறு மாதம் அவளை எங்களிடம் விடுவதாக எழுதியிருந்தாய். அம்மா அவளுக்குக் கட்டில்கூடப் போட்டுவிட்டாள். டிக்கெட் எடுக்கும் முன் மாப்பிள்ளையிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு, மறந்துவிடாதே. வேண்டாம் என்று முடிவெடுத்தால் அம்மாவிடம் ஏதாவது காரணம் சொல்லிக்கொள். எனக்கு எதுவும் சொல்ல வேண்டாம்.

நேரத்துக்குச் சாப்பிடு. மூவரும் நீண்ட ஆயுளோடு இருங்கள்.

இப்படிக்கு,
உன் அப்பா