லிஸ்பனுக்கு ஒரு கண்டக்டர்

ஜூன் 3, சனி

காலை 5.42. லிஸ்பனிலிருந்து அண்ணன் போன். அங்கே நடுராத்திரி, தூங்காமல் கூப்பிடுகிறான். அப்பாவுக்கு விசா வந்துவிட்டது. 30ஆம் தேதி விமானம்.

அப்பா ரிட்டையர் ஆகி மூன்றே நாள். சர்வீஸ் முழுக்க கண்டக்டர், பெரம்பலூர்–அரியலூர். இனி கடலோரத்தில் அண்ணன் வீட்டில் ஓய்வு.

"நேரா போவுதா, மாறணுமா?" செல்லை வாங்கி அப்பா கேட்டார்.

"பாரிஸ்ல மாறணும்ப்பா."

"எவ்ளோ நேரம் நிக்கும்?"

"நாலு மணி நேரம்."

"டீ குடிக்கவா? டிரைவர் சரியில்ல."

வெயில் கொடுமை. ஃபேன் கண்டென்சர் மாற்ற வேண்டும்.

ஜூன் 5, திங்கள்

கேஸ்காரர். "கலா மேடம் இல்லீங்களா? கையெழுத்து வேணும்." புக் அவள் பேரில். இல்லை என்றேன். "எப்ப வருவாங்க?" நானே போட்டுக் கொடுத்தேன்.

என் மனைவி கலா இறந்து ஒன்பது மாதம். அன்றிலிருந்து அப்பாதான் இந்த க்வார்ட்டர்ஸில் என்னோடு. சமையலும் அவரே. எல்லாக் குழம்பும் ஒரே நிறம்.

30க்குப் பிறகு நான் மட்டும். அதற்காக அவர் எழுதி ஒட்டிய லிஸ்ட்:
சாதம் – மூணு விசில், எண்ணு.
பால் – பக்கத்திலேயே நில்.
ரசம் – புளி போடு. மறக்காதே.
அப்புறம், உட்கார்ந்து சாப்பிடு.

ஜூன் 8, வியாழன்

லிஸ்பனில் எப்போதும் ஏசி போட்ட மாதிரி இருக்கும் என்று அண்ணன் சொல்லிவைத்திருக்கிறான். அப்பா முன்கூட்டியே பழகுகிறாராம். நான் வேலை பார்க்கும் சிமென்ட் ஆலைக்கே வந்துவிட்டார். கண்ட்ரோல் ரூம், 22 டிகிரி. மப்ளர், குரங்குக் குல்லாய், தயிர்சாதம். மூலையில் இரண்டு மணி நேரம்.

ஆபரேட்டர் மணி: "லிஸ்பன் எப்புடிங்க இருக்கு?"

"காத்து நல்லாருக்கு. கடலத்தான் காணோம்."

எல்லாரும் சிரித்தார்கள். அப்புறம் குரலைத் தாழ்த்தி மணியிடம் கேட்டது என் காதிலும் விழுந்தது.

"இங்கயாவது பேசுறானா?"

"கேட்டா 'நல்லா இருக்கேன்'பாருங்க. அவ்ளோதான்."

தயிர்சாதத்தை அப்படியே திருப்பி எடுத்துப் போனார்.

ஜூன் 11, ஞாயிறு

தா.பழூரிலிருந்து அத்தை, அப்பாவின் தங்கை. லிஸ்பனுக்கு என்று ஒரு சாக்கு வடகம். கொடுத்துவிட்டு அவளே ஆரம்பித்தாள்.

"ஏண்ணே, துக்க வூடு. இன்னும் வருஷம் திரும்பல. மலை ஏறக் கூடாது, கடலத் தாண்டக் கூடாது. தெரியாதா ஒனக்கு?"

நான் ஓரமாக ஒதுங்கினேன். வெடிக்கப் போகிறார். கருப்புச் சட்டைக்காரர். அமாவாசையில் வேண்டுமென்றே முட்டை தோசை கேட்பவர். ராகு காலம் பார்த்து அதில் கல்யாணம் செய்தவர்.

தாடையைத் தடவினார். "பெரியவங்க சும்மாவா சொல்லி வச்சாங்க."

அத்தைக்கே பயம் வந்துவிட்டது. அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "ஒடம்புக்கு என்னாண்ணே பண்ணுது?"

"டிக்கெட்ட வாணாம்னு பெரியவன்ட்ட சொல்லிரு தம்பி. சாஸ்திரம்னு ஒண்ணு இருக்குல்ல." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

ஜூன் 12, திங்கள்

புழுக்கம். மழை வரும் போல.

மாலை அண்ணன் போன். சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான். சட்டென்று நிறுத்தினான்.

"சாஸ்திரமா? அப்பாவா? டேய், ஒனக்காகத்தான்டா நிக்கிறாரு. இப்பவே அவருட்ட போ. 'நான் நல்லா இருக்கேன், நீங்க கெளம்புங்கப்பா'ன்னு சொல்லு. எனக்குக் கேக்கணும். அது போதும், பொட்டியக் கட்டிருவாரு."

சின்ன வாக்கியம். ஆலையில் யார் கேட்டாலும் சொல்வதுதான்.

செல்லோடு சமையலறை வாசல் வரை போனேன். அப்பா அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தார். பாதி கருகல்.

"யாரு, பெரியவனா? என்னாங்குறான்?"

செல்லைக் காதிலிருந்து எடுத்தேன்.

"டவர் இல்லப்பா."

கையில் அண்ணன் இன்னும் கத்திக்கொண்டிருந்தான், சொல்றா, சொல்றா என்று. அப்பாவுக்கும் கேட்டிருக்கும். அவர் அடுத்த அப்பளத்தைப் போட்டார். செல்லை அணைத்துவிட்டேன்.