பெயர் சொல்லாத குடும்பம்

ஹென்டர்சன், ஒக்லாந்து
12 ஆகஸ்ட் 1997

பெறுநர்: லோஜனாவின் தகப்பனார், விஞ்ஞான ஆசிரியர், கானோ, நைஜீரியா

அன்புள்ள லோஜனாவின் அப்பாவுக்கு,

லோஜனா எழும்பி நடக்கிறாள். பேரனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. ஆனாலும் ஆஸ்பத்திரியிலிருந்து விட மறுக்கிறார்கள். அதனால்தான் தபாலை நம்பாமல் உங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஃபாக்ஸ் அனுப்புகிறேன். அதிபர் எடுத்துப் பார்த்தாலும் பாதகமில்லை. தமிழ் அவருக்குக் கோலமாகத்தான் தெரியும்.

மருமகன் நசீரு, விரி என்ற ஊரில் வேலை முடிந்ததும் நேரே வார்டுக்கு வருவார். வாசலோடு நிற்பார். தாதி பிள்ளையை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பிள்ளையின் பெயரைக் கேட்டால், அது தாய்க்குத் தெரியும் என்பார். நான் உள்ளே போனால் தலையைக் குனிந்தபடி வெளியே போய்விடுவார். அவருடைய இனமான ஹவுசாக்காரர் மூத்த பிள்ளையைப் பிறர் முன் கொஞ்சுவதில்லை, பெயர் சொல்வதில்லை, மாமியாரோடு ஓர் அறையில் இருப்பதுமில்லை. இத்தனை வருடம் கானோவில் இருந்த நமக்கு இது தெரியும். தாதிக்கு எப்படித் தெரியும்? தகப்பன் பிள்ளையை வெறுக்கிறார் என்று குழந்தைகள் நல அலுவலகத்துக்கு அறிவித்துவிட்டாள்.

அங்கிருந்து ஒரு பெண் வந்தாள். மிகவும் நல்லவள், அதுதான் பயம். பிற இனங்களின் வழக்கங்கள் பற்றிப் பயிற்சி எடுத்தவளாம். அவர்களுக்கு வெட்கம்தான் மரியாதை என்று நான் விளக்க, தலையாட்டிக் கேட்டாள். பிறகு என் கணவரின் பெயர் என்ன என்றாள். நான் லோஜனாவைப் பார்த்தேன். லோஜனா சொன்னாள். அதோடு என் விளக்கம் எடுபடவில்லை. இந்தக் குடும்பமே யாருக்கோ பயந்திருக்கிறது என்று முடிவுகட்டிவிட்டாள்.

நாளை காலை கூட்டம். தகப்பன் பிள்ளையைத் தூக்கிப் பெயர் சொல்லாவிட்டால், பிள்ளை கொஞ்ச நாளைக்கு வேறு வீட்டில் வளருமாம். ஒருக்கால் சொல்லுங்கோ நசீரு, எனக்காகச் சொல்லுங்கோ என்று லோஜனா அழுதாள். என்னைப் பெற்றவளே இன்றுவரை என் பெயரைச் சொன்னதில்லை, அவளுக்கு என்மேல் அன்பில்லையா என்று அவர் கேட்டாராம். அந்த மனிதர்தான் பிள்ளையின் துணிகளைத் தானே தோய்த்து, இஸ்திரி போட்டு, நான் காணாத நேரம் பார்த்து என் கதவடியில் வைத்துவிட்டுப் போகிறார். வார்டுக்கு எடுத்துப்போக.

ஒன்று தீர்மானித்திருக்கிறேன். நாளை கூட்டத்தில், அவர் காதில் விழ, நான் முதலில் உங்கள் பெயரைச் சொல்லப்போகிறேன். மாமியாரே வெட்கத்தை விட்டால் மருமகனும் ஒரு நிமிஷத்துக்கு விடுவார் என்ற நம்பிக்கைதான். வேறு வழி தெரியவில்லை.

பெயர் சொன்னால் புருஷனுக்கு ஆயுள் குறையும் என்று அம்மா சொன்னதை நான் நம்பவில்லை. நீங்களும் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர். ஆனாலும் நாளை மட்டும் அந்த வாடகை மோட்டார் சைக்கிளில் ஏறாதீர்கள். பள்ளிக்கூடத்துக்கு நடந்து போங்கோ. ஓரமாகப் போங்கோ.

உங்கள்
யோகராணி