குவியலுக்கு அடியிலிருந்து எழுந்து வந்தவளுக்கு

இன்று காலை கோர்ட்டு வேலைக்குப் போகக் கச்சிராயபாளையத்தில் பஸ் ஏறினேன். பின் சீட்டில் யாரோ முழங்காலுக்கு வலி ஸ்ப்ரே அடித்தார்கள். விளையாட்டுப் போட்டிக்குப் போகிற பெண்கள் போலிருக்கிறது. திரும்பிப் பார்க்கவில்லை. நம் விடுதி அறையில் எப்போதும் அடித்த அந்தக் காட்டமான வாசனை மூக்கில் ஏறியதுமே கம்பியில் நெற்றியைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு அம்மா, "இன்னாம்மா, மயக்கம் வருதா? இப்டி குந்து" என்று எழுந்து இடம் கொடுத்தார். மயக்கம் இல்லை. நீ போய் ஒரு கோடை கழிந்துவிட்டது. எனக்கு இன்னும் அதிர்ச்சி தெளியவில்லை, அவ்வளவுதான்.

கள்ளக்குறிச்சிக் கல்லூரி விடுதியில் நாம் இருவரும் ஒரே அறை. நீ கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கும் அந்தப் பக்கம், சாமையும் மரவள்ளியும் போடுகிற வீட்டுப் பெண். நான் கீழே கரும்பு போடுகிற, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிற வீட்டுப் பெண். நம்மைச் சேர்த்தது கபடி. கபடிக்காரிகளுக்கு ஆளைப் பிடித்துச் சாய்க்கத் தெரியும் என்று சென்னையில் நடந்த ரக்பி முகாமுக்கு நம் அணியில் சிலரைக் கூப்பிட்டார்கள். அது என்ன ஆட்டம் என்று நம்மில் ஒருத்திக்கும் தெரியாது. நீ பந்தைக் கையில் வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாய்.

"இன்னாடி இது, பலாப்பிஞ்சு மாதிரி கீது?"

பயிற்சியாளர் மேடம் விதிகளைச் சொல்லச் சொல்ல உன் முகத்தில் சிரிப்பு ஏறிக்கொண்டே போனது. என் காதில் கிசுகிசுத்தாய்: "முன்னாடி ஓடணுமாம், பந்த மட்டும் பின்னாடி குடுக்கணுமாம். எவன்டி இத கண்டுபுட்ச்சவன்?"

அன்று சாயங்காலமே ஸ்க்ரம் கற்றுக்கொடுத்தார்கள். எட்டுப் பேர் தோளோடு தோள் பூட்டிக் குனிந்து, எதிரே அதேபோல் குனிந்து நிற்கிற எட்டுப் பேரை முட்டித் தள்ள வேண்டும். இரண்டு கூட்டமும் மோதிய சத்தத்தில் எனக்கு உயிரே போய்விட்டது. ஓடிவிடலாமா என்று நினைத்தபோது, என் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்த உன் கை இறுகியது. "பயந்துக்கினே தள்ளு, ஒண்ணியும் ஆவாது" என்றாய். பயந்துகொண்டேதான் தள்ளினேன். எதிரணி பின்னால் போனது. நான் அதை நம்பவே இல்லை. நீ நம்பினாய்.

மூட்டுச் சவ்வு கிழிந்து நான் நின்றுபோனேன். நீ போய்க்கொண்டே இருந்தாய். தேசியப் போட்டி ஒன்றில் ஒடிசாக்காரி ஒருத்தி தோளால் மோதியதில் உன் காறை எலும்பு உடைந்தது. கட்டுப் போட்ட கையோடு விடுதிக்கு வந்தவள், வலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "எப்டி இட்ச்சாடி தெரியுமா! அந்த மாதிரி இடிக்கக் கத்துக்கணும்" என்றாய். அடுத்த ஆண்டு இந்திய அணி முகாமில் உங்கள் இருவரையும் ஒரே அறையில் போட்டார்கள். அவளுக்குத் தமிழ் தெரியாது, உனக்கு இந்தி அரைகுறை. "சண்ட போடவே பாஷ பத்தலடி, அதனால தோஸ்த் ஆயிட்டோம்" என்று போனில் சொல்லிச் சிரித்தாய்.

முதல் வெளிநாட்டு ஆட்டத்தில் இந்தியா படுதோல்வி. நீ அழுதுகொண்டு கூப்பிடுவாய் என்று போனைக் கையிலேயே வைத்திருந்தேன். கூப்பிட்டாய், அழவில்லை. "தோத்துட்டோம்டி. ஆனா மாடு மாதிரி ஒருத்தி வந்தா, அவள சாச்சிட்டேன். ஏந்திரிச்சி என் முதுவுல தட்டிட்டுப் போனா" என்றாய்.

அதற்கு அடுத்த பயணத்தில்தான் அந்த ட்ரை. மூன்று வருடம் முன்வரிசையில் முட்டித் தள்ளிக்கொண்டே இருந்தவளுக்கு, கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்த ஒரே ஒரு வாய்ப்பு. அந்த ஆட்டம் போனில் நேரடியாக வருகிறது என்று தெரிந்ததும் நான் மலைக்கே வந்துவிட்டேன், உன் அம்மாவோடு உட்கார்ந்து பார்க்க. உங்கள் ஊரில் சிக்னல் கிடைக்கிற ஒரே மேட்டில் நான், உன் அம்மா, உன் அண்ணன், அக்கம்பக்கத்தார் எல்லோரும் ஒரு சின்னத் திரையை முட்டிக்கொண்டு நின்றோம். நீ பந்தை வாங்கிக் குனிந்தாய். மேலே ஒருத்தி விழுந்தாள், அவள் மேல் இன்னொருத்தி, அப்புறம் கணக்கே இல்லை. உன் அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டார். "ஐயோ, எம்பொண்ணக் கொன்னுட்டாளுங்களே!" நடுவர் விசிலடித்துக் கை தூக்கினார். ஒவ்வொருத்தியாக எழுந்தார்கள். கடைசியில் அடியிலிருந்து நீ எழுந்தாய், வாயெல்லாம் சேறு, பல்லெல்லாம் சிரிப்பு. உன் அம்மா அப்படியே தரையில் குந்திவிட்டார். "ஏந்திரிச்சிட்டா. பாத்தியாம்மா, ஏந்திரிச்சிட்டா" என்று வெகுநேரம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

போன சித்திரையில், முகாமுக்கு நடுவே கிடைத்த விடுப்பில் வீட்டுக்கு வந்திருந்தாய். ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வருவதாகப் பேச்சு. என் அம்மா கோழிக்குச் சொல்லி வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை மத்தியானம் கோர்ட்டில் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது உன் அண்ணன் கூப்பிட்டார். மலையில் லைன் விட்டு விட்டுத்தான் கேட்டது.

"தங்கச்சிய... இடி..."

எனக்குப் பதற்றமே வரவில்லை. உன்னை யாராவது இடிப்பது எனக்குப் பழகிய செய்தி. "யாருண்ணா இட்ச்சது? வண்டியா? கைல அடியா, கால்லியா?" என்று கேட்டேன்.

"வண்டி இல்லம்மா. மேல இருந்து. இடி வுழுந்துட்ச்சி. பாப்பா பூட்ச்சிம்மா."

அந்த வார்த்தைக்கு வானத்தோடும் சம்பந்தம் உண்டு என்பதே எனக்கு அந்த நொடியில் மறந்து போயிருந்தது. எல்லாம் புரிந்த பிறகும், "அப்புறம் ஏந்திரிச்சிட்டாளா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று இன்று வரை தெரியவில்லை. அண்ணன் அழுதார்.

மாமா மகனின் வண்டியில் மலையேறினேன். கோடை மழை விட்டு, ரோடெல்லாம் இலையும் சருகும். நடந்ததை வழியில் எதிர்ப்பட்ட உங்கள் ஊர்க்காரர்கள் சொன்னார்கள். நீயும் அம்மாவும் மரவள்ளிக் காட்டில் இருந்திருக்கிறீர்கள். மழை வருகிறது என்று அம்மா முன்னால் நடக்க, கட்டியிருந்த மாட்டை அவிழ்த்து வர நீ திரும்பியிருக்கிறாய். வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக வந்ததாம். அம்மா திரும்பிப் பார்த்தபோது நீயும் மாடும் கீழே கிடந்தீர்கள்.

உன்னைக் கிடத்தியிருந்தார்கள். பெரிய காயம் எதுவும் இல்லை. உடைந்து கூடியபோது புடைத்துக்கொண்ட அந்தக் காறை எலும்பு மட்டும் தெரிந்தது. உன் அம்மா அழவில்லை. என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்து உன் பக்கத்தில் இழுத்துப் போனார்.

"அத்தினி பேரு மேல வுழுந்தும் ஏந்திரிச்சா இல்ல? நீதான பாத்த. நீ கூப்புடுமா, நீ சொன்னா கேப்பா. எழுப்புமா."

நான் கூப்பிட்டேன். இத்தனை பேர் பார்க்க, உன் பெயரைச் சொல்லிச் சத்தமாக, ஆட்டத்தில் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டேன். வேறு என்ன செய்ய முடியும்? அம்மா கேட்கிறார். அதோடு, நீ எழுந்துவிடுவாய் என்று எனக்குள்ளும் ஏதோ ஒன்று நம்பியது. நீ அசையவில்லை. அதற்குப் பிறகுதான் உன் அம்மாவின் வாயிலிருந்து அந்தச் சத்தம் வந்தது.

உன்னைப் புதைத்த மறுநாள் ஒடிசாக்காரி வந்தாள். ரயில், பஸ், கள்ளக்குறிச்சியிலிருந்து மலை பஸ் என்று மாறி மாறி, முகமெல்லாம் வீங்கி வந்து நின்றாள். உன் அம்மாவிடம் என்ன சொல்வது, எந்த மொழியில் சொல்வது? தன் காறை எலும்பைத் தொட்டாள், இரண்டு கையாலும் எதையோ ஒடிப்பதுபோல் காட்டினாள், தன் நெஞ்சைத் தொட்டாள், அங்கேயே சரிந்து அழுதாள். அம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

"நீதானா அவ? எம்பொண்ணு எப்ப பாத்தாலும் ஒன்னப் பத்திதான் சொல்லிக்கினு இருப்பா" என்று அவள் தலையைத் தடவினார். "வா. மொதல்ல சோறு துன்னு." அவளுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனாலும் எழுந்து போய்ச் சாப்பிட்டாள்.

அணி இப்போதும் ஆடுகிறது. உன் இடத்தில் புதிதாக ஒருத்தி. நன்றாகத்தான் தள்ளுகிறாள். ஸ்க்ரம் கலைந்து ஆட்கள் எழும்போது நான் போனை நிறுத்திவிடுகிறேன். கடைசி ஆள் எழும் வரை பார்க்க என்னால் முடிவதில்லை.

போன மாதம் என் அம்மா எனக்குக் கம்மல் எடுக்கக் கள்ளக்குறிச்சிக் கடைக்குக் கூட்டிப் போனார். கடைப்பெண் என் இடது காதைத் தொட்டுப் பார்த்துத் திகைத்தாள். "இன்னாக்கா, மடலு இப்டி கெட்டியா கீது? கம்மல் சாயுதே." முகாமில் நீயும் நானும் தினமும் தலைக்குத் தலை கொடுத்து முட்டிப் பழகியதில், உன் காது உரசி உரசி ரத்தம் கட்டி இறுகிய காது அது. டாக்டரிடம் காட்டினால் அறுத்துச் சரி செய்துவிடலாம் என்றாள் கடைப்பெண். அம்மாவும் தலையாட்டினார்.

வேண்டாம் என்றேன். கம்மல் சாய்ந்தபடியே இருக்கட்டும் என்று போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.