கசெற்றின் மற்றப் பக்கம்

அக்கா, உங்களை அந்த ஊருக்குள் வைத்துப் பூட்டியவர்கள் நாங்கள்தான். அத்தானை மட்டும் குற்றம் சொல்லி இனித் தப்ப முடியாது.

ஒனிஹங்காவில் நானும் அம்மாவும் இருக்கும் வாடகை வீட்டைக் காலி செய்கிறோம். மாசியில் வீடு வாங்கியாயிற்று. அலுமாரியின் மேல்தட்டில், இங்கிலாந்திலிருந்து அத்தான் அனுப்பிய பொதி பிரிக்காமலே கிடந்தது. இன்று பிரித்தேன். ஈரக் கம்பளி மணம். உங்கள் பச்சைச் சுவெட்டர், அதற்குள் நான் கடைசியாக அனுப்பிய கசெற். உறைகூடக் கிழிக்கப்படவில்லை. நீங்கள் கண்ணை மூடிய பிறகுதான் அது அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது.

ஒரே கசெற்தான் நமக்குள் போய்வரும். நீங்கள் பேசியதைக் கேட்டுவிட்டு, அதன் மேலேயே நாங்கள் பேசி அனுப்புவோம். இந்த முறை ஒரு பக்கத்தில்தான் பேசியிருந்தேன். மற்றதில் உங்கள் குரல் அப்படியே இருந்தது.

"தம்பி, இஞ்சை ஒருத்தரும் கூடாத ஆக்கள் இல்லை. ரோட்டிலை கண்டால் சிரிப்பினம், வெய்யிலைப் பற்றி ஒரு வசனம் சொல்லுவினம். பிறகு கதவு சாத்துப்படும். நான் நடந்து போகேக்கை திரைச்சீலை அசையும். திரும்பிப் பாத்தால் ஒண்டும் அசையாது."

பிறகு, ரெக்கோடரும் கையுமாக, தேவாலயத்துக்குப் பின்னால் கல்லறைகள் இருக்கும் சேமக்காலைக்குப் போனீர்கள். அந்த ஊரில் உங்களுக்குப் பெயர் தெரிந்தவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள் என்றீர்கள். கல் கல்லாக வாசித்தீர்கள். மார்த்தா. ஏடா. ஒலிவர். கலியாணத்துக்கு முன் நீங்கள் படிப்பித்த பள்ளிக்கூடத்தில், பிள்ளைகளின் வரவு பார்க்க இடாப்புக் கூப்பிட்ட அதே குரல். ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் பதிலுக்கு இடம் விட்டீர்கள். ஒரு பெயருக்குப் பிறகு, யாரோ பகிடி விட்டது போல, மெல்லச் சிரித்தீர்கள்.

அன்று இதைக் கேட்ட அம்மா, "உவளுக்கு விசரே? ஷெல் விழாத ஊரிலை இருந்துகொண்டு கல்லோடை கதைக்கிறாள்" என்றார்.

"சும்மா பகிடிக்குச் செய்யிறா, அம்மா" என்றேன் நான்.

அந்த நேரம் பார்த்துக் கோயிலில் பழகிய ஒரு குடும்பம் வாசலில் வந்து நின்றது. "நிப்பாட்டடா, ஆக்கள் வருகினம்" என்றார் அம்மா. நிறுத்தினேன். வந்தவர்களுக்குத் தேத்தண்ணீர் கொடுத்தபடி, "மகள் டொக்டரின்ரை மனுசியெல்லே. சொர்க்கம் மாதிரி ஊராம், ஒரு சத்தமும் இல்லையாம்" என்று சொன்னார். நானும் தலையாட்டினேன். அவர்கள் போனதும், "மற்றப் பக்கமும் உதுதானே" என்று அம்மா சொல்ல, கசெற்றைத் திருப்பிப் போட்டு, தொடக்கத்துக்குச் சுற்றிப் பதிவு செய்தேன். விரிப் பக்கத்துக் கிடங்கில் நான் செய்யும் பெட்டி ஏற்றும் வேலையின் இரைச்சலைச் சொல்லி, "நீங்கள் குடுத்து வைச்சனீங்கள் அக்கா" என்றேன்.

அத்தான் பரீட்சைக்கு லண்டன் போயிருந்த கிழமை நீங்கள் படியில் விழுந்து அப்படியே கிடந்தீர்கள். வாசலில் மூன்று நாள் பால்போத்தல் சேர்ந்தது. அயலவர் எல்லோரும் பார்த்தார்கள். தொந்தரவு கொடுக்க விரும்பவில்லையாம். அந்த மரியாதையின் மேல் காறித் துப்பத் தோன்றுகிறது. ஆனால் நாங்கள் மட்டும் என்ன செய்தோம்?

அன்று ஆட்கள் வந்ததால் கேட்காமல் விட்ட துண்டை இன்று கேட்டேன்.

"மிச்சத்தை மற்றப் பக்கத்திலை சொல்லுறன். அம்மாவுக்குப் போட்டுக் காட்டாதை. நீ மட்டும் கேள்."

திருப்பிப் போட்டேன். என் குரல். ஏறக்குறைய அரை மணித்தியாலம், சந்தோசமாக, உங்கள் மேலேறி நின்று பேசிக்கொண்டிருந்தேன். நான் பேசி முடித்த இடத்துக்கு அப்பால் நாடா கொஞ்சம் மிஞ்சியிருந்தது. அங்கே உங்கள் மூச்சு. பிறகு, "அதாலைதான் உன்னட்டைக் கேக்கிறன், தம்பி. யோசிக்காதை. ஓம் எண்டு மட்டும் சொல்லு."

அதன் பின் நீங்கள் பதிவை நிறுத்தவில்லை. ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை. நாடா தீரும்வரை அருகே இருந்து காத்திருக்கிறீர்கள்.

தளபாடம் எடுத்த வெறும் அறையில் நின்று சத்தமாகச் சொன்னேன். வேலைத்தலத்தில், பஸ்ஸில், எங்கே நின்றும் இனிச் சொல்லிக்கொண்டுதான் இருப்பேன்.

ஓம் அக்கா. ஓம். எதுக்கெண்டு சொல்லுங்கோ.