குவாலா மூடா கருவாடு

பாடாங் செராய்
மே 11

அன்பு மகள் கலைமகளுக்கு அப்பா எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் நீ கடல் கடந்து போயிருக்கும் அந்த நெல்சன் ஊரில் கைகால் சுகத்தோடு இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன், மேலே பார், அடித்தது தெரியும். வேறு தாள் இல்லாததால் இதிலேயே தொடர்கிறேன். வாட்ஸ்அப் இருக்கும்போது எதற்கு அப்பா கடிதம் என்று சிரிப்பாய். என் கைப்பேசி வீட்டுக்குள் நுழைந்ததும் உன் அம்மா கைக்குப் போய்விடுகிறது, நீ அனுப்பும் படமும் நான் அனுப்பும் பதிலும் அவள் பார்வைக்குத் தப்புவதில்லை. அவளுக்குத் தெரியாமல் உன்னிடம் பேச எனக்கு வேறு வழி தெரியவில்லை. காலை ஷிப்ட் ஆட்களை ஃபேக்டரியில் இறக்கிவிட்டு பஸ்ஸிலேயே உட்கார்ந்து, ஸ்டியரிங் மேல் தாளை வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷம் படித்ததை அந்தக் கடல்காற்று அடித்துக்கொண்டு போயிருக்காது என்று நினைக்கிறேன், மெதுவாகப் படி.

போன வாரம் நீ அனுப்பிய படங்கள் வந்தன. மஞ்சள் படகில் நீயும் அந்தக் கொரியாக்காரப் பெண்ணும் துடுப்புப் போடுவது, கடற்கரையில் நெருப்பு மூட்டி எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருப்பது, பாறை விளிம்பில் நீ இரண்டு கையையும் விரித்து நிற்பது. தாடிக்காரப் பையன் ஒருவன் எல்லாப் படத்திலும் இருக்கிறான், யாரென்று நான் கேட்கவில்லை, உன் அம்மா கேட்பாள். எட்டுப் பேர் ஒரே அறையில் அடுக்குக் கட்டிலில் தூங்குகிறீர்களாம், இங்கே உனக்கென்று இருக்கும் அறையில் இப்போது அரிசி மூட்டைதான் தூங்குகிறது. உன் அம்மா ஒவ்வொரு படத்தையும் இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கி, நீ போட்டிருக்கும் மிதவைச் சட்டையின் கொக்கி மாட்டியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறாள். உன் முகத்தை அப்புறம்தான் பார்க்கிறாள். அந்தப் பாறைப் படத்தை நான் அவளுக்குக் காட்டாமல் அழிக்கப் பார்த்தேன், அதற்குள் பார்த்துவிட்டாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன டிசம்பரில் நீங்கள் கடலோரக் காட்டுப் பாதையில் மூன்று நாள் நடக்கப் போனீர்களே, நினைவிருக்கும். இரண்டாம் நாள் அந்தப் பக்கம் புயல்மழை, நடக்கப் போனவர்களில் இருவரைக் காணோம் என்று உன்னோடு வேலை செய்த விக்னேஸ்வரன் எதையோ இணையத்தில் பார்த்துவிட்டு வந்து சொன்னான். உன் கைப்பேசியோ எடுக்கவில்லை. நான்காம் நாள்தான் நீ பேசினாய், சிக்னல் இல்லலா அப்பா, இதுக்குப் போயி எல்லாரும் டென்ஷன் ஆவுறீங்களா என்று சிரித்தாய். காணாமல் போனவர்கள் வேறு யாரோ, அவர்களும் கிடைத்துவிட்டார்கள். இதுவரை உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது அதற்கு முந்தின நாள் நடந்தது. உன் அம்மா தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈரப் புடவையோடு காளியம்மன் கோயிலுக்குப் போய், பக்கிரிசாமி பூசாரிக்கு முன்னால், என் புள்ள நம்ம வீட்டு வாசப்படிய மிதிக்கிற வரைக்கும் நான் உப்பு தொடமாட்டேன் தாயே என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். உன் டிக்கெட் டிசம்பர் இருபத்தெட்டுக்குப் போட்டிருந்தது, இருபது நாள்தானே என்பது அவள் நினைப்பு. உயிரோடு இருக்கிறாள் என்று சேதி வரும்வரை என்று சொல்லியிருந்தால் மறுநாளே முடிந்திருக்கும். வாசப்படி என்று சொல்லித் தொலைத்தாள்.

அப்புறம் நீ இன்னும் ஒரு மாசம்தான்பா என்றாய். தைப்பூசத்துக்கு அடுத்த வாரம் என்றாய், பிறகு பங்குனி உத்திரம் முடிந்த ஞாயிறு என்றாய். கூட்டாளிகள் ஒரு தீவுக்குக் கூப்பிடுகிறார்கள், ஆப்பிள் தோட்டத்தில் வேலை கிடைத்திருக்கிறது, பனி விழுவதைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம். நீ தேதி சொன்னதும் உன் அம்மா குவாலா மூடாவிலிருந்து மீன் கொண்டுவரும் ஆளிடம் சொல்லி, நல்ல கருவாடாகப் பார்த்து ஒரு கட்டு வாங்கி வைப்பாள். உப்பு விட்டவள் முதல் வாய் கருவாட்டுக் குழம்போடுதான் சாப்பிடுவாளாம், அதுவும் உன்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு. தேதி தள்ளிப் போனதும் கட்டைப் பிரிக்காமல் அப்படியே பக்கத்து வீட்டு நவமணியிடம் கொடுத்துவிடுவாள். மூன்று முறை கொடுத்தாயிற்று. மூன்றாவது முறை நவமணி வாங்க மாட்டேன் என்று அழுதாள்.

லோகேஸ்வரி அக்காவின் சாப்பாட்டுக் கடையில் அம்மாதானே பத்து வருஷமாகக் குழம்பு வைக்கிறாள். ருசி பார்க்க முடியாததால் ஒரு நாள் உப்பு கூடுகிறது, ஒரு நாள் அறவே இல்லை. அக்கா தங்கமானவள், அம்மாவை வேலையை விட்டு அனுப்பவில்லை, ருசி பார்க்க மட்டும் வேறொரு பெண்ணை வைத்துவிட்டாள். அது உன் அம்மாவுக்குச் செருப்படி. பூசாரியிடம் நான் தனியாகப் போய் இதற்கு மாற்று உண்டா என்று கேட்டேன். தேங்காய் உடைத்து மன்னிப்புக் கேட்டால் அம்மன் ஏற்றுக்கொள்வாள் என்றார். வந்து சொன்னால், வாக்கு குடுத்தது நானு, தேங்கா இல்லீங்க என்கிறாள். அவளிடம் பேசி ஜெயித்தவன் யார்.

பங்குனி உத்திரம் முடிந்து ஒன்பதாம் நாள் அடுப்படியிலேயே விழுந்துவிட்டாள். அந்த மூன்று நாள் என் கைப்பேசி கெட்டுப்போய்விட்டது என்று உன்னிடம் சொன்னேனே, அது பொய். நாங்கள் கூலிம் ஆஸ்பத்திரியில் இருந்தோம். இரத்தத்தில் உப்பு மிகவும் இறங்கிவிட்டது, பிரஷர் மாத்திரையும் சேர்ந்துகொண்டது, இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் வலிப்பு வந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். கையில் ஊசி ஏற்றிப் பாட்டிலைத் தொங்கவிட்டார்கள். அவளுக்கு நினைவு வந்ததும் முதல் கேள்வி, ஏங்க, அந்தத் தண்ணியில உப்பு இருக்கா. பாட்டிலில் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை நான் வாசித்தேன், உப்புத் தண்ணீர்தான். சத்து மருந்து, உப்பெல்லாம் இல்லை என்று சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து வாயெல்லாம் உப்புக் கரிக்குதுங்க என்றாள். மருந்து வாடை என்றேன். சரி என்று கண்ணை மூடிக்கொண்டாள். நம்பினாளா, எனக்காக நம்பியதாகக் காட்டினாளா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

கலை, உன் அப்பா எப்படிப்பட்டவன் என்று உனக்குத் தெரியும். உன் அம்மா திருநீறு பூச வந்தால் தலையைத் திருப்பிக்கொள்கிறவன், காளியம்மனுக்கு நம் வீட்டு உப்பில் என்ன வேலை என்று டிசம்பரில் கிண்டல் செய்தவன். ஆனால் அன்று அந்தப் பொய்யைச் சொன்ன பிறகு எனக்குத் தூக்கம் கெட்டது. நீ படகில் போகும் படம் வந்தால் இப்போது நானும் முதலில் அந்தக் கொக்கியைத்தான் தேடுகிறேன். அவள் காத்துவந்த வாக்கை உடைத்தவன் நான், உனக்கு அங்கே ஒன்று ஆகிவிட்டால் அவள் முகத்தில் எப்படி விழிப்பேன். பயமாக இருக்கிறது மகளே, சொல்ல வெட்கமாகவும் இருக்கிறது. அதனால் எனக்கும் டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டார் என்று வீட்டில் இன்னொரு பொய் சொன்னேன். இப்போது ஒரே சட்டி, இரண்டு பேருக்கும் உப்பில்லாத சமையல். உங்களுக்கு எதுக்குங்க இந்தக் கஷ்டம் என்று கேட்டாள், அப்புறம் பல மாதம் கழித்து முதல் முறையாகச் சிரித்தாள். அவளை மட்டும் டாக்டர் கொடுத்த உப்பு மாத்திரையை மருந்து என்று சொல்லி விழுங்க வைக்கிறேன். பொய்க்கு மேல் பொய். வேறு என்ன செய்வது, நீயே சொல்.

உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஆறு வருஷம் நீ என் பஸ்ஸில்தான் ஃபேக்டரிக்குப் போய் வந்தாய். கண்ணாடியில் உன்னைப் பார்த்துக்கொண்டேதான் ஓட்டினேன், ஏறியதும் சன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிடுவாய், தூக்கத்திலும் முகம் சுளித்திருக்கும். இங்க எனக்கு மூச்சு முட்டுதுப்பா என்று நீ சொன்னபோது ஹாரன் அடித்தேன், ஞாபகம் இருக்கிறதா. அந்த நெருப்புப் பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்கும் முகத்தை ஆறு வருஷக் கண்ணாடியில் நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. அதனால்தான் வா என்று எழுதப் பேனாவை எடுத்தவன் எழுத முடியாமல் இருக்கிறேன். வந்து, மறுபடியும் அந்தச் சன்னலோரத்தில் தூங்கப் போகிறாய் என்றால் உன் அம்மா தின்னும் உப்பு எனக்குக் கரிக்கும். வராமல் இருந்தாலோ, அவள் இன்னொரு முறை விழுந்தால் தாங்க மாட்டாள் என்று டாக்டர் சொன்னது காதிலேயே நிற்கிறது. இரண்டையும் உன்னிடம் சொல்லிவிட்டேன். நீ வளர்ந்தவள், முடிவு உன்னுடையது.

பாறை விளிம்பில் நின்று படம் எடுக்காதே. ஈரத் தலையோடு படுக்காதே. இந்தக் கடிதம் வந்ததைப் பற்றி கைப்பேசியில் மூச்சு விடாதே, அம்மாவிடம் எப்போதும் போலப் பேசு. எங்கே இருந்தாலும் எந்தக் குறையும் இல்லாமல் நீ நீடூழி நன்றாக இரு, எங்கள் இருவர் ஆசியும் உனக்கு உண்டு.

ஒன்றை மட்டும் மறக்காதே. ஜூன் கடைசியில் வருகிறேன் என்று நீ சொன்னதிலிருந்து உன் அம்மா குவாலா மூடா ஆளிடம் மறுபடியும் சொல்லி வைத்திருக்கிறாள். அது நிச்சயம் இல்லையென்றால் இப்போதே சொல்லிவிடு, அதற்குப் பிறகு எந்தத் தேதியும் சொல்லாதே. என்றைக்கு வருகிறாயோ அன்றைக்கு வந்து வாசலில் நின்று அம்மா என்று கூப்பிடு. கருவாடு இருக்காது. உப்பு டின் அடுப்புப் பக்கத்தில் அதே இடத்தில்தான் இருக்கிறது, மூடி இறுகிப் போயிருக்கும், நான் திறந்து தருகிறேன்.

இப்படிக்கு
உன் அப்பா
கார்த்திகேசு